கடலடியைக் காக்க ஒரு சட்டம்: யாழ்ப்பாணத்து எம்.பி. செய்த வேலையும் நமக்கு அதிலுள்ள பாடமும்



சம்பளம் போட்ட மறுநாள் கடைவீதிக்குப் போனால் நாம் முதலில் விசாரிப்பது அரிசி விலை. அடுத்தது கருவாட்டு விலை. "என்னாங்க இது, போன மாசம் இந்த விலை இல்லையே?" என்று கேட்டால், கடைக்காரர் "கடல்ல மீன் இல்லையாம், நான் என்ன செய்ய?" என்று கையை விரித்துவிடுவார். விலை ஏறுவதற்கு மழை, எண்ணெய் விலை, லொறிக் கூலி என்று பல காரணங்கள் இருக்கும். ஆனால் வடக்குக் கடலில் மீன் குறைந்துபோன கதைக்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை நிறுத்துவதற்காகப் பாராளுமன்றத்தில் ஒரு சட்டமே வந்தது. அதைக் கொண்டுவந்தவர் அமைச்சர் அல்ல, யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு சாதாரண எம்.பி.

"யாழ்ப்பாணத்துக் கடல் நமக்கு என்னத்துக்கு? நம்ம பிரச்சினை கொழுந்தும் லயமும் தானே?" என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயம்தான். இந்தக் கட்டுரையின் நோக்கம் மீன்பிடியைக் கற்றுக்கொடுப்பது அல்ல. நாம் வாக்குப் போட்டு அனுப்பும் ஒரு எம்.பி. நமக்காக என்ன செய்யலாம், எதைச் செய்ய முடியாது, அவரிடம் நாம் எதைக் கேட்க வேண்டும் என்பதை ஓர் உண்மைச் சம்பவத்தை வைத்து விளங்கிக்கொள்வதுதான் நோக்கம். எம்.பி. என்றால் கூரைத் தகடு வாங்கித் தருபவர், கோயில் திருவிழாவுக்கு வருபவர் என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சட்டம் செய்வதற்குத்தான் அவரை அனுப்புகிறோம் என்பது மறந்துபோகிறது.

இழுவைமடி என்றால் என்ன?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் குருநகர், பாசையூர், நாவாந்துறை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, மயிலிட்டி, காரைநகர், நெடுந்தீவு என்று கடலை நம்பிய ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. இங்குள்ள பெரும்பாலான கடற்றொழிலாளர்கள் சிறு படகுக்காரர்கள். மாலையில் கடலுக்குப் போய் வலையை விரிப்பார்கள். அந்த வலையின் கண்ணுக்கு ஏற்ற மீன்தான் மாட்டும். குஞ்சு மீன் தப்பிவிடும். விடியப் பொழுதில் வலையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வருவார்கள்.

இழுவைப்படகு அப்படியானதல்ல. பெரிய இயந்திரம் பூட்டிய படகு. அதன் பின்னால் பை போன்ற ஒரு பெரிய மடி. மடியின் வாயை அகலத் திறந்து வைக்க இரண்டு பக்கமும் கனமான பலகைகள். கீழ்ப்பக்கத்தில் பாரம். கடலின் அடித்தரையில் உராய்ந்தபடி மணிக்கணக்கில் அதை இழுத்துக்கொண்டு போவார்கள். இறால், நண்டு, கணவாய், திருக்கை, குஞ்சு மீன், முட்டை, கடற்புல், பவளப்பாறை என்று எது அகப்பட்டாலும் வாரிக்கொண்டு வரும். விற்கக்கூடியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கடலில் கொட்டுவார்கள். கொட்டப்படுவதில் பெரும்பகுதி செத்துப்போனது.

நம் பாஷையில் சொன்னால் விளங்கும். நாம் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுகிறோம். செடி அப்படியே நிற்கும், அடுத்த சுற்றுக்கு மறுபடி துளிர்க்கும். அதற்குப் பதிலாக ஒருவன் மிஷின் கொண்டு வந்து செடியை வேரோடு பிடுங்கி, அதிலிருந்து கொழுந்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும்? அன்றைக்கு நிறை கூடத்தான் வரும். அடுத்த மாதம் மலை மொட்டையாக நிற்கும். கடலின் அடித்தரையும் அப்படித்தான். மீன் முட்டையிடுவதும் குஞ்சு வளர்வதும் அங்கேதான். பாக்கு நீரிணைப் பக்கம் கடல் ஆழம் குறைந்தது. அதனால் மடி போய்ச் சேராத இடமே இல்லை.

சண்டை எப்படி வந்தது?

தமிழ்நாட்டுக் கரையில் இழுவைப்படகு பெருகியது 1960களிலிருந்து. நோர்வே நாட்டின் உதவியோடு தொடங்கிய திட்டமும், வெளிநாட்டுக்கு இறால் ஏற்றுமதியாகும் இலாபமும் அதற்குத் தூண்டுதல். வருடக்கணக்கில் இழுத்து இழுத்து அந்தப் பக்கத்தில் மீன் வற்றியது. 1974 இல் இந்தியாவும் இலங்கையும் பாக்கு நீரிணையில் எல்லைக்கோடு போட்டன. கச்சதீவு இலங்கைப் பக்கம் வந்தது. ஆனால் மீனுக்குக் கோடு தெரியாது. மீனைத் தேடும் படகும் கோட்டைத் தாண்டியது.

பிறகு யுத்தம். வடக்குக் கடற்றொழிலாளர்கள் கடலுக்குப் போகத் தடை, நேரக் கட்டுப்பாடு, இயந்திரக் கட்டுப்பாடு. எத்தனையோ குடும்பங்கள் கரையை விட்டே துரத்தப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 1990 இல் மூடப்பட்டது. அந்த ஊர்ச் சனம் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருபத்தேழு வருடம் கிடந்தது. 2009 மே மாதம் யுத்தம் முடிந்து, தடைகள் ஒவ்வொன்றாக நீங்கி, கடன்பட்டு வலையும் படகும் வாங்கிக் கடலுக்குத் திரும்பியபோது, அங்கே அக்கரை இழுவைப்படகுகள் நின்றன. வாரத்தில் மூன்று நாள் இரவில் அவை கூட்டமாக வரும். அந்த இரவுகளில் இங்குள்ளவர்கள் வலை விரிக்கப் பயப்படுவார்கள். விரித்தால் வலையையும் சேர்த்து மடி இழுத்துக்கொண்டு போய்விடும்.

குடாநாட்டுக் கரையில் யாரை விசாரித்தாலும் பதில் ஒன்றுதான்: "அண்ணை, மீன் போனாலும் பரவாயில்லை, நாளைக்குப் பிடிக்கலாம். வலை போனா நாங்கள் என்ன செய்யிறது? கடனை ஆர் கட்டுறது?" அட்வான்ஸ் வாங்கிவிட்டுப் பேர் விழாமல் போன மாதத்தை அனுபவித்த நமக்கு இந்தக் கேள்வியின் பாரம் தெரியும்.

எம்.பி. என்ன செய்தார்?

எம். ஏ. சுமந்திரன் தொழிலால் சட்டத்தரணி. இலங்கைத் தமிழரசுக் கட்சியைச் சேர்ந்தவர். 2010 இல் தேசியப் பட்டியல் வழியாகப் பாராளுமன்றம் சென்றார். 2015 இலும் 2020 இலும் யாழ்ப்பாண மாவட்டத்தில் தேர்தலில் வென்றார். அவர் அமைச்சராக இருந்ததில்லை. கடற்றொழில் சங்கங்கள் வருடக்கணக்கில் மகஜர் கொடுத்தும் மறியல் செய்தும் கேட்ட கோரிக்கையை அவர் ஒரு சட்டமூலமாக எழுதினார். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம். விஷயம் சுருக்கமானது: இலங்கைக் கடலில் யாரும் அடித்தரையை உராய்ந்து இழுவைமடி இழுக்கக்கூடாது. மீறினால் இரண்டு வருடம் வரை சிறை. 50,000 ரூபா அளவில் தண்டம்.

2017 ஜூலை 6 ஆம் திகதி பாராளுமன்றம் அதை நிறைவேற்றியது. 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் என்று அது புத்தகத்தில் ஏறியது. அதே கிழமையில்தான் மயிலிட்டித் துறைமுகமும் மக்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். துறைமுகம் கையில் வந்த நேரத்தில் கடலைக் காக்கும் சட்டமும் வந்தது.

தனி உறுப்பினர் சட்டமூலம் என்பது என்ன?

பாராளுமன்றத்தில் 225 பேர். சாதாரணமாகச் சட்டமூலங்களை அமைச்சர்கள்தான் கொண்டுவருவார்கள். அமைச்சர் அல்லாத ஒரு எம்.பி.யும் கொண்டுவரலாம். அதைத் தனிநபர் சட்டமூலம் என்று பத்திரிகைகள் எழுதும். அது போகும் பாதை இப்படி:

முதலில் எழுதிய சட்டமூலம் வர்த்தமானியில் மூன்று மொழியிலும் அச்சாகும். பிறகு பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் சேரும். சேர்ந்த பிறகு, குறிப்பிட்ட காலத்துக்குள், "இது அரசியலமைப்புக்கு முரண்" என்று நினைக்கும் எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றம் போகலாம். நீங்களும் போகலாம், நானும் போகலாம். அடுத்ததாக, அந்த விஷயத்துக்குப் பொறுப்பான அமைச்சரிடம் அறிக்கை கேட்பார்கள். அவர் கோப்பை வைத்துக்கொண்டு இழுத்தடித்தால் விஷயம் அங்கேயே தூங்கும். பிறகு இரண்டாம் வாசிப்பு, விவாதம், குழுநிலை, மூன்றாம் வாசிப்பு. கடைசியில் சபாநாயகர் கையெழுத்து வைத்தால்தான் சட்டம்.

இப்படி வரும் தனிநபர் சட்டமூலங்களில் பெரும்பாலானவை ஒரு சங்கத்தையோ, ஆச்சிரமத்தையோ, நம்பிக்கை நிதியத்தையோ சட்டப்படி பதிவு செய்வதற்கானவை. நாட்டு மக்கள் எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரு சட்டம் எதிரணி வரிசையில் இருந்த ஒருவர் கையால் வந்து நிறைவேறுவது அபூர்வம். அதனால்தான் இது படித்து வைத்துக்கொள்ள வேண்டிய உதாரணம்.

இதில் ஒரு முக்கியமான கட்டுப்பாடு உண்டு. அரசாங்கத்தின் பணப்பெட்டியைத் தொடும் சட்டமூலத்தை அமைச்சரவை அனுமதியோடு அமைச்சர் மட்டுமே கொண்டுவரலாம் என்று அரசியலமைப்பு சொல்கிறது. "ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரசு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும்" என்று ஒரு சாதாரண எம்.பி. சட்டமூலம் எழுத முடியாது. "இன்ன காரியத்தைச் செய்யக்கூடாது", "இன்ன உரிமை உண்டு" என்று எழுதலாம். இழுவைமடிச் சட்டம் தடை மட்டும் போடுகிறது, பணம் கேட்கவில்லை. அதனால்தான் அந்தக் கதவால் உள்ளே போக முடிந்தது. அடுத்த முறை ஒரு எம்.பி. மேடையில் "நான் சட்டம் கொண்டுவந்து எல்லோருக்கும் வீடு தருவேன்" என்றால், இந்த விஷயத்தை மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள்.

சட்டம் வந்தது, கடல் திருந்தியதா?

முழுக்கத் திருந்தவில்லை. உண்மையை ஒளித்துப் பிரயோசனமில்லை.

2018 தொடக்கத்தில் வெளிநாட்டுப் படகுகள் பற்றிய சட்டமும் திருத்தப்பட்டு, அத்துமீறும் படகின் நீளத்துக்கு ஏற்பத் தண்டம் பல மில்லியன் ரூபா என்று உயர்ந்தது. ஆனாலும் படகுகள் வருவது நிற்கவில்லை. 2021 ஒக்டோபரில் சட்டத்தை நடைமுறைப்படுத்து என்று கேட்டு, முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை படகில் கடல்வழி ஊர்வலம் போக வேண்டி வந்தது. சட்டத்தைக் கொண்டுவந்தவரே அதில் முன்னுக்கு நின்றார். நான்கு வருடம் கழித்தும் தன் சட்டத்தை அமுல்செய் என்று அவரே கத்த வேண்டியிருந்தது. 2024 இல் மட்டும் ஐந்நூறுக்கும் அதிகமான இந்திய மீனவர்களைக் கடற்படை பிடித்தது. அப்படியென்றால் பிடிபடாமல் வந்துபோனவர்கள் எத்தனை பேர் என்று யோசியுங்கள்.

இரண்டாவது சங்கடம் உள்ளூரிலேயே இருந்தது. குருநகரிலும் வேறு சில இடங்களிலும் நம் நாட்டுக்காரர் சிலரும் இழுவைத் தொழில் செய்தார்கள். சட்டம் இந்தியப் படகு, இலங்கைப் படகு என்று பார்க்கவில்லை. "அக்கரைக்காரனை நிப்பாட்ட ஏலாமல் எங்களை நிப்பாட்டுறியள்" என்று அவர்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் அர்த்தம் இருக்கிறது. படகை வைத்துக் கடன் எடுத்தவர் இருக்கிறார், அதில் கூலிக்குப் போகும் பையன் இருக்கிறான். அவர்கள் வேறு தொழிலுக்கு மாற நட்டஈடு வேண்டும், கடன் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். மேலே சொன்னேனே, தனிநபர் சட்டமூலத்தால் அரசின் பணப்பெட்டியைத் திறக்க முடியாது. அந்தப் பாதி வேலை அரசாங்கத்தின் கையில் இருந்தது. தடை ஒரு கையால் வந்தது, மாற்றுத் தொழில் மறுகையால் வந்து சேரவில்லை.

மூன்றாவது, அக்கரையில் இருப்பவர்களும் நம்மைப் போன்ற மனிதர்தான். இழுவைப்படகில் வருபவர் பெரும்பாலும் படகுச் சொந்தக்காரர் அல்ல. பங்குக்கோ கூலிக்கோ வருபவர். பிடிபட்டால் சிறைக்குப் போவது அவர்தான், முதலாளி அல்ல. 2016 நவம்பரில் புதுடில்லியில் இரு நாட்டு அமைச்சர்களும் கூடி, இழுவைமடியைக் கூடிய சீக்கிரம் முடிவுக்குக் கொண்டுவருவதென்று பேசினார்கள். 2017 இல் இந்திய அரசு இழுவைப்படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் சூரை மீன் படகு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. 2,000 படகு என்பது இலக்கு. ஒரு படகின் விலை 80 லட்சம் இந்திய ரூபா. அதில் மத்திய அரசு பாதி, மாநில அரசு ஐந்தில் ஒன்று. மிச்சம் வங்கிக் கடனும் மீனவர் கைப்பணமும். திட்டம் மிக மெதுவாகத்தான் நகர்ந்தது. கடன் என்றதும் ஏழை பின்வாங்குவது எந்தக் கரையிலும் ஒன்றுதான்.

அப்படியானால் சட்டத்தால் பயனில்லையா? பயன் உண்டு. முன்பு கடற்றொழிலாளி "எங்களுக்கு உதவி செய்யுங்கோ" என்று கெஞ்ச வேண்டியிருந்தது. இன்று "உங்கள் சட்டத்தை நீங்கள் நடத்துங்கள்" என்று கேட்கிறான். கெஞ்சுவதற்கும் கேட்பதற்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கிறது. இன்னொன்று: 2024 பொதுத்தேர்தலில் சுமந்திரன் தெரிவாகவில்லை. ஆள் சபையில் இல்லை, சட்டம் இருக்கிறது. கூரைத் தகடு துருப்பிடிக்கும், எம்.பி. மாறுவார், சட்டத்தில் ஏறிய வரி நிற்கும்.

மலையகத்துக்கு இதில் என்ன?

சட்டத்தின் ஒரு வரி என்ன செய்யும் என்று நம்மைவிட அறிந்தவர் யார்? 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து நம் பிரதிநிதிகள் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. வாக்கும் போனது. அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களில் ஒருவர் காங்கேசன்துறை எம்.பி. எஸ். ஜே. வி. செல்வநாயகம். அவருடைய தொகுதியில் தேயிலைத் தோட்டமே இல்லை. இருந்தும் எதிர்த்தார், அதனாலேயே தன் கட்சியை விட்டு வெளியேறி 1949 இல் தமிழரசுக் கட்சியை ஆரம்பித்தார். 1952 தேர்தலில் நம் பக்கத்திலிருந்து ஒருவரும் தெரிவாகவில்லை. 1977 இல் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் வெல்லும் வரை அந்த நிலைதான். நாம் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த ஆள் அங்கே இல்லாத அந்தக் காலத்தில் நம் தலைக்கு மேலேயே ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன.

நல்ல பக்கமும் இருக்கிறது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33 ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. நாம் பிரதேச சபைக்கு வாக்குப் போடலாம். ஆனால் அந்தச் சபை தோட்டத்துக்குள் வந்து ரோட்டுப் போட, தண்ணீர்க் குழாய் போட அந்தப் பிரிவு தடையாக நின்றது. வாக்குக்கு நாம் வேண்டும், வேலைக்கு நாம் வேண்டாம் என்பதுபோல. 2018 இல் அது திருத்தப்பட்டது. உங்கள் சபை உறுப்பினர் இன்னமும் "தோட்டத்துக்குள்ள எங்களுக்கு அதிகாரம் இல்லங்க" என்று சொன்னால், "சட்டம் மாறிப் பல வருசமாச்சுங்க" என்று நீங்கள் சொல்லலாம்.

நாம் செய்யக்கூடியவை

கடற்றொழில் சங்கங்கள் செய்ததைப் பார்த்து நாமும் சில பழக்கங்களை எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று: பிரச்சினையை எழுதி வையுங்கள். "ரொம்பக் கஷ்டம்" என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. எந்த லயம், எத்தனை குடும்பம், எந்தத் திகதி, என்ன நடந்தது என்று எழுத வேண்டும்.

இரண்டு: எந்தக் கதவு என்று பாருங்கள். ரோடு, குப்பை, விளக்கு என்றால் பிரதேச சபை. சம்பளம் என்றால் சம்பளச் சபையும் தொழிற்சங்கமும். சட்டமே பிழை, அல்லது சட்டமே இல்லை என்றால்தான் பாராளுமன்றம்.

மூன்று: எம்.பி.க்குத் தமிழிலேயே கடிதம் எழுதலாம். பாராளுமன்றத்தில் பொது மனுக்கள் பற்றிய குழு ஒன்று இருக்கிறது. எம்.பி. ஒருவர் மூலம் உங்கள் மனுவை அங்கே சமர்ப்பிக்கலாம். சபையில் ஒரு கேள்வி கேட்கச் சொல்லியும் கோரலாம். அமைச்சர் கொடுக்கும் பதில் பதிவாகும்.

நான்கு: 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, அரச அலுவலகத்தில் கேள்வி கேட்டுப் பதில் பெறலாம். நம் தோட்டத்துக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, எங்கே போனது என்று கேட்பது குற்றமில்லை, உரிமை.

ஐந்து: சட்டம் வந்ததும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடக் கூடாது. இழுவைமடிச் சட்டம் காட்டும் பெரிய பாடம் இதுதான். சட்டம் பாதி, அதை நடத்துவிப்பது மறுபாதி. அந்தப் பாதியை எந்த எம்.பி.யாலும் தனியாகச் செய்ய முடியாது. பருத்தித்துறைக் கரையில் கறுப்புக் கொடி பிடித்து நின்றவர்கள் அதைத்தான் செய்தார்கள்.

அடுத்த சம்பள நாளில் கருவாடு வாங்கும்போது, அதைப் பிடித்தவனுக்கும் நம்மைப் போலவே கடனும் பிள்ளைகளும் பள்ளிக்கூடச் செலவும் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் தன் கடலுக்காகக் கேட்டான், ஒரு சட்டம் வந்தது. நாம் நம் மலைக்காக என்ன கேட்கப்போகிறோம் என்பதைத் தலைவர்மாரும் மாதர் சங்கங்களும் கூடிப் பேசுங்கள். இந்தக் கட்டுரையை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள், வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு லயத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.